ஆவிக்குரிய உருவாக்கம்: அன்றாட வாழ்க்கையில் அது எங்கே தடைபடுகிறது, எப்படித் தொடங்கலாம்

கன்வென்ஷன் பந்தலில் அழுது எடுத்த தீர்மானம், இரண்டு வாரம் கழித்து அலுவலகத்தில் ஒரு வாக்குவாதம் வந்தவுடன் எங்கே போய்விடுகிறது? சபைக்குப் போகிற பலர் இந்தக் கேள்வியை மனதுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். சத்தமாகக் கேட்டால் "உங்களுக்கு ஜெப வாழ்க்கை போதாது" என்று பதில் வந்துவிடும். அந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு, நாளைக் காலை என்ன செய்வது என்று தெரியாது.

அந்த இரவில் தேவன் பேசியிருக்கலாம். அதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் நம் கோபம், பயம், பணத்தின் மேல் இருக்கும் பிடிப்பு, அடுத்தவரைப் பற்றிப் பேசும் விதம் எல்லாமே பல வருடப் பழக்கத்தில் ஊறிப்போனவை. அவை ஒரே இரவில் போவது அபூர்வம். இயேசுவைப் பின்பற்றுகிற ஒருவர், பரிசுத்த ஆவியானவரின் கிரியையால், கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய குணத்துக்கு மாறிவரும் இந்த நீண்ட வேலையைத்தான் ஆவிக்குரிய உருவாக்கம் என்கிறோம். கத்தோலிக்கர்கள் ஆன்மீக உருவாக்கம் என்பார்கள். பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, "கிறிஸ்து உங்களிடத்தில் உருவாகுமளவும் உங்களுக்காக மறுபடியும் கர்ப்பவேதனைப்படுகிறேன்" என்கிறார். ஏற்கெனவே விசுவாசத்துக்கு வந்துவிட்டவர்களுக்கு அவர் எழுதிய வார்த்தை இது. விசுவாசத்துக்கு வந்த பிறகும் நடக்க வேண்டியது நிறைய மிச்சம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, இதைச் செய்வது யார், தேவனா நாமா? புதிதாக இந்த விஷயத்துக்குள் வருகிற எவரும் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்கிறார். அடுத்த வசனத்திலேயே, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். தேவனுடைய அன்பைச் சம்பாதிப்பதற்காக நாம் எதையும் செய்வதில்லை, அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஆனாலும் பயிற்சி வேண்டும். தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு என்று சொல்லிவிட்டு, பவுல் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவது அதனால்தான். ஓட்டக்காரர் பந்தய நாளன்று மட்டும் வேகமாக ஓட முடிவெடுத்தால் ஓடிவிட முடியாது. வாக்குவாதம் வரும் நாளன்று மட்டும் பொறுமையாக இருக்க முடிவெடுத்தாலும் அப்படித்தான்.

ஜனவரியில் தொடங்கி லேவியராகமத்தில் நிற்பது

நம் சபைகளில் நான் காணும் பெரிய தடை, எல்லாம் ஏதாவது ஒரு விசேஷ நாளில் நடந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு. புத்தாண்டு ஆராதனை, வாக்குத்தத்த அட்டை, உபவாசக் கூட்டம், எழுப்புதல் கூட்டம். இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் இவற்றுக்கு நடுவில் இருக்கும் சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு வருடத்தில் வேதாகமம் முழுவதையும் வாசிக்கும் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வாசித்தால்தான் டிசம்பரில் முடியும். ஆதியாகமம் கதையாக ஓடும். யாத்திராகமத்தின் பின்பாதியில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வரும். லேவியராகமம் வருவதற்குள் ஐந்தாறு நாள் பாக்கி விழுந்திருக்கும். அதற்குமேல் வேதாகமத்தைத் திறப்பதே கடனைத் திருப்பிக் கட்டுவதுபோல ஆகிவிடும். வாசிப்பவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. வேகம்தான் அவரைத் தோற்கடிக்கிறது.

பழக்கம் எப்படிப் படிகிறது என்பதை லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். 96 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலே வருகிற நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை தேவைப்படும் என்று கணக்கு காட்டியது. எனக்கு அதில் முக்கியமாகப்படுவது வேறொன்று: இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பழக்கம் படிவதில் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. கிருபையைப் பற்றி ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிற நாம்தான், ஒரு நாள் தியானம் தவறினால் எல்லாம் போயிற்று என்று மொத்தத்தையும் விட்டுவிடுகிறோம்.

குறைவாக வாசிப்பதற்கு நல்ல முன்மாதிரியும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற கார்த்தூசியன் துறவி, வேத வாசிப்பை நான்கு படிகளாக விளக்கினார். முதலில் வாசிப்பது. பிறகு வாசித்ததை மனதில் போட்டு அசைபோடுவது. அதிலிருந்து எழுவதை ஜெபமாகச் சொல்வது. கடைசியில் எதுவும் பேசாமல் தேவனுடைய சமுகத்தில் இருப்பது. இதற்கு ஐந்தாறு வசனம் போதும். மாற்கு சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து, ஒரு வாரம் முழுக்க அதையே வாசிக்கலாம். எந்த வார்த்தையில் மனம் நிற்கிறதோ அங்கேயே நிற்கலாம். முழு வேதாகமத்தையும் வாசிப்பது நல்லதுதான், வாசியுங்கள். அதற்கு மூன்று வருடம் ஆனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

நேரம் யாருக்கு இருக்கிறது

"அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபியுங்கள்" என்று மேடையிலிருந்து சொல்வது எளிது. இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போனார் என்று மாற்கு எழுதியிருப்பதும் உண்மை. ஆனால் இந்த அறிவுரை எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது. கைக்குழந்தையோடு இரவில் மூன்று முறை விழித்த தாய், ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து எல்லாருக்கும் டிபன் கட்டுகிற பெண், இரவு ஷிஃப்ட் முடிந்து விடியற்காலை வீடு திரும்புகிற இளைஞர், படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிற மருமகள். இவர்கள் எல்லாரும் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, நமக்கெல்லாம் இது ஆகாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வீட்டில் பத்து நிமிடம் வேலையைத் தான் வாங்கிக்கொண்டு மனைவியைத் தனியாக ஜெபிக்க விடுகிற கணவர், அந்த வீட்டின் ஆவிக்குரிய வாழ்க்கைக்குப் பெரிய உதவி செய்கிறார். பிரசங்கத்தில் இதையும் சொல்ல வேண்டும்.

இராஜாக்களின் முதலாம் புத்தகம் 19-ஆம் அதிகாரத்தில், எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்கிறார். தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்குகிறார். இரண்டாவது முறையும் சாப்பாடுதான். ஆறு மணி நேரம்கூடத் தூங்காத ஒருவர் தன் ஜெபத்தில் உயிர் இல்லை என்று கலங்கினால், நான் முதலில் அவரைத் தூங்கத்தான் சொல்வேன்.

நேரம் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு பாதையும் உண்டு, வேலைக்கு உள்ளேயே ஜெபிப்பது. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் மடங்களுக்கு 73 அதிகாரங்களில் ஒரு ஒழுங்கு எழுதினார். அதில், பண்டகசாலைப் பொறுப்பாளர் மடத்தின் பாத்திரங்களையும் கருவிகளையும் பீடத்தின் பரிசுத்தப் பாத்திரங்களைப்போல் மதிக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. சட்டியும் மண்வெட்டியும் ஆராதனைப் பாத்திரத்துக்குச் சமம்!

இதை வாழ்ந்து காட்டியவர் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் இருந்த சகோதரர் லாரன்ஸ். இயற்பெயர் நிக்கோலா எர்மான். முன்னாள் படைவீரர், காலில் காயம்பட்டவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. ஆனாலும் பல வருடம் அதைச் செய்தார். பிறகு செருப்பு தைத்தார். பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும், ஆலயத்தில் முழங்காலில் நிற்கும்போதும், ஒரே தேவனோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்ற நிலைக்கு வந்தார். 1691-இல் அவர் இறந்தபின் அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் தொகுக்கப்பட்டன. இன்றுவரை உலகமெங்கும் வாசிக்கப்படுகின்றன.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. முதல் பத்து வருடம் மிகவும் கஷ்டப்பட்டதாக அவரே ஒரு கடிதத்தில் சொல்கிறார். பத்து வருடம்! மனம் அலைபாயும், பழைய பாவங்கள் நினைவுக்கு வரும், தேவனுக்குத் தன்னைப் பிடிக்கவில்லையோ என்று தோன்றும். அதையெல்லாம் தாண்டித்தான் அந்தச் சமையலறைச் சமாதானம் வந்தது. ஒரு வாரம் முயன்றுவிட்டு, எனக்கு வரவில்லை என்பவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வது.

நடைமுறையில் இது எளியது. தினமும் நிச்சயமாகச் செய்கிற ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அரிசி களைவதாக இருக்கலாம், பைக்கை ஸ்டார்ட் செய்வதாக இருக்கலாம், கடையின் ஷட்டரைத் தூக்குவதாக இருக்கலாம். அந்த வேலையோடு ஒரு சிறிய ஜெபத்தை இணைத்துவிடுங்கள். "ஆண்டவரே, என்னோடு இரும்" போதும். கைப்பேசியைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. இரவில் அதைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்காமல், எழுந்திருக்கச் சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்றை வாங்கிக்கொண்டால், காலையின் முதல் கால் மணி நேரம் திரும்பக் கிடைத்துவிடும்.

நடுப்பகல் சலிப்பு

நேரமும் இருக்கிறது, ஆசையும் இருந்தது, ஆனால் எல்லாம் உப்புச் சப்பில்லாமல் போய்விட்டது என்பது வேறு வகைத் தடை. இதைத்தான் நான் மிக ஆபத்தானதாக நினைக்கிறேன், ஏனென்றால் இது பாவம்போலத் தெரியாது.

4-ஆம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாகிரியஸ் இதைக் கூர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். கான்ஸ்டான்டினோப்பிளில் உதவிக்குருவாக இருந்து, பிறகு வனாந்தரத்துக்குப் போனவர், 399-இல் இறந்தார். துறவியைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களில் சலிப்பைத்தான் மிகப் பாரமானதாக அவர் சொல்கிறார். 91-ஆம் சங்கீதத்தில் வரும் "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" இதுதான் என்பது வனாந்தரத்துத் துறவிகளின் விளக்கம். அது வந்தவுடன் சூரியன் நகராததுபோல் இருக்குமாம். பகல் ஐம்பது மணி நேரம் நீளுமாம். துறவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார், சாப்பாட்டு வேளை வந்துவிட்டதா என்று சூரியனைப் பார்ப்பார். பிறகு இருக்கும் இடம் பிடிக்காமல் போகும், கைவேலை பிடிக்காமல் போகும். சகோதரர்களுக்குள் அன்பே இல்லை, தனக்கு ஆறுதல் சொல்ல யாரும் இல்லை என்று தோன்றும். வேறு இடத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பு வரும்.

இதை வாசிக்கும்போது, ஒரு சபை பிடிக்கவில்லை என்று அடுத்த சபைக்கும், அங்கிருந்து இன்னொரு சபைக்கும் மாறிக்கொண்டே இருப்பவர்கள் என் நினைவுக்கு வருகிறார்கள். துர்உபதேசத்தையோ கொடுமையையோ விட்டு வெளியேறுகிறவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் வெளியேறத்தான் வேண்டும். பாடல்கள் மனதைத் தொடவில்லை, பிரசங்கம் பழையபடி இல்லை என்று கிளம்புகிறவர்களைச் சொல்கிறேன். அவர்களில் பலரை வாட்டுவது இந்தப் பழைய சலிப்புதான். புதிய இடத்திலும் கொஞ்ச நாளில் அது வந்து சேர்ந்துவிடும்.

வனாந்தரத்துப் பெரியவர்கள் இதற்குச் சொன்ன மருந்து: இருக்கும் இடத்தில் இரு. எகிப்து வனாந்தரத்துத் துறவியான அந்தோணியார் இதே சலிப்பில் தவித்தபோது, ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிப்பதையும், எழுந்து ஜெபிப்பதையும், மறுபடி உட்கார்ந்து திரிப்பதையும் கண்டாராம். இப்படிச் செய், பிழைப்பாய் என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். கொஞ்சம் வேலை, கொஞ்சம் ஜெபம், மறுபடி வேலை. பெரிய வெளிப்பாடு எதுவும் அதில் இல்லை. சலிப்பு வந்த நாளில் புதிய தீர்மானம் எதுவும் வேண்டாம், வைத்திருந்த சிறிய ஒழுங்கை மட்டும் செய்து முடியுங்கள். 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரும் இதையே விதியாக வைத்தார்: மனம் வறண்டிருக்கும் நாளில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே.

ஒரு எச்சரிக்கை. பல வாரங்களாகத் தூக்கம் இல்லை, எதிலும் விருப்பம் இல்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றால் அதற்கு மேற்சொன்ன அறிவுரை போதாது. மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

தனியாகச் செய்ய முடியாது

நம் கூட்டங்களில் சாட்சி சொல்ல இடம் உண்டு. பெரும்பாலும் அது ஜெயித்தவர்களுக்கான இடம். வியாதி சுகமானது, வேலை கிடைத்தது, கடன் அடைந்தது. "நேற்றும் என் பிள்ளையை அடித்துவிட்டேன், எனக்காக ஜெபியுங்கள்" என்று சொல்ல இடம் எங்கே? உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். நாம் அதைச் செய்யாததற்கு ஒரு காரணம் எல்லாருக்கும் தெரியும்: சொன்னது ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர் முழுக்கச் சுற்றிவிடும்.

ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1935 முதல் 1937 வரை ஜெர்மனியில் ஃபின்கென்வால்டே என்ற இடத்தில் ஒரு இறையியல் பள்ளியை நடத்தினார். நாஜி ரகசியப் போலீஸ் அதை மூடியது. அங்கே இருந்த ஒரு விதி: ஒரு சகோதரர் இல்லாதபோது அவரைப் பற்றிப் பேசக் கூடாது, பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டு ஜெபக்குழுக்களில் இந்த ஒரு விதி இருந்தால் அடுத்த மாதமே பேச்சின் தரம் மாறிவிடும் என்று நான் நம்புகிறேன்.

சிறு குழுவின் பலத்துக்கு ஜான் வெஸ்லியின் அனுபவம் நல்ல சான்று. 1742-இல் பிரிஸ்டல் நகரத்தில் அவருடைய சங்கத்துக்குக் கட்டடக் கடன் இருந்தது. ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் வீதம் வீடுவீடாகப் போய் வசூலித்தார்கள். அப்படிப் போனபோதுதான் வீடுகளின் நிலைமை தெரியவந்தது. ஒருவர் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் குடித்திருந்தார். ஞாயிறன்று ஆலயத்தில் தெரியாதது வாரநாளில் வாசற்படியில் தெரிந்துவிட்டது. அந்த வசூல் குழுக்களையே வெஸ்லி வாராவாரம் கூடி ஒருவர் மற்றவரின் ஆத்தும நலத்தை விசாரிக்கிற கூட்டங்களாக மாற்றினார். மெதடிஸ்ட் இயக்கத்துக்கு அவை முதுகெலும்பாக இருந்தன.

உங்களுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டாம். வாயை மூடி வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர் போதும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று இருப்பது நம் சூழலில் நல்லது. மாதம் இரண்டு முறை டீக்கடையிலோ மொட்டை மாடியிலோ உட்கார்ந்து, இந்த நாட்களில் தேவனோடு எப்படி இருக்கிறாய், வீட்டில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறிவுரை சொல்ல அவசரப்பட வேண்டாம்.

எங்கிருந்து தொடங்கலாம்

ஒரே ஒரு பயிற்சி சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நான் இரவில் நாளைத் திரும்பிப் பார்ப்பதைத்தான் சொல்வேன். இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சிகளில் தந்த முறை இது. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அவற்றுக்கு ஒப்புதல் அளித்தார். எந்தச் சபையைச் சேர்ந்தவரும் இதைச் செய்யலாம். படுப்பதற்குமுன் பத்து நிமிடம் போதும்.

முதலில் அன்றைக்குக் கிடைத்த ஒன்றுக்காக நன்றி சொல்லுங்கள், அது நல்ல காப்பியாகக்கூட இருக்கலாம். பிறகு 139-ஆம் சங்கீதத்தின் முடிவில் இருப்பதுபோல், "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று கேளுங்கள். அப்புறம் காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக மனதில் ஓட விடுங்கள். எங்கே அன்பாக இருந்தேன், எங்கே குரல் உயர்ந்தது, அப்போது எனக்கு உள்ளுக்குள் என்ன பயம் இருந்தது? இந்தக் கடைசிக் கேள்வியில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடுங்கள். மகன் மார்க் குறைந்ததற்குக் கத்தினோம் என்றால், அந்தக் கோபத்துக்கு அடியில் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் இருக்கலாம். பயம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அதை ஜெபத்தில் சொல்ல முடியும். தவறியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். நாளைக்கு எங்கே இதே நிலைமை வரப்போகிறது என்று யோசித்து, அதற்கு உதவி கேட்டுவிட்டுப் படுங்கள்.

குற்றவுணர்வு இங்கே வழியை மறிக்கலாம். தினமும் அதே தவறு கண்ணில் பட்டால், தேவனுக்கு என்மேல் சலித்திருக்கும் என்று தோன்றும். சகோதரர் லாரன்ஸ் தவறிவிட்டால், நீர் என்னைத் தனியாக விட்டால் நான் இப்படித்தான் செய்வேன் என்று தேவனிடம் ஒத்துக்கொண்டு, அதற்குமேல் அதையே நினைத்துக் குமைந்துகொண்டிருக்காமல் வேலைக்குத் திரும்பிவிடுவாராம். இதையே பழகிக்கொள்ளலாம்.

ஈஸ்டருக்கு முன் வரும் நாற்பது நாள் லெந்து காலம் இந்த இரவுப் பயிற்சியைத் தொடங்க நல்ல வேளை, ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் மூன்று மாதம் இதையும், வேலையோடு சேர்த்த அந்த ஒரு சிறிய ஜெபத்தையும் தவிர வேறு எதையும் சேர்க்காதீர்கள். பிறகு வேண்டுமானால் வாரம் ஒரு வேளை உபவாசம். சர்க்கரை நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் உணவுக்குப் பதிலாகத் தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ விடலாம். அதற்கடுத்து, யாருக்கும் தெரியாமல் செய்யும் ஒரு உதவி.

வளர்ச்சியைக் கணக்கிட நாட்குறிப்பில் கட்டம் போட வேண்டாம். கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தில் ஆவியின் கனி என்று ஒன்பது குணங்கள் இருக்கின்றன: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இவற்றில் பலவற்றைத் தனி அறையில் அளக்க முடியாது, கூட இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதனால் ஒரு வருடம் கழித்து உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ, வளர்ந்த பிள்ளையிடமோ, உங்கள் கீழ் வேலை செய்கிறவரிடமோ கேளுங்கள்: போன வருடத்தைவிட இப்போது என்னோடு இருப்பது எளிதாக இருக்கிறதா? இல்லை என்று சொன்னால், எந்த விஷயத்தில் என்று கேட்டு, அன்றிரவு அதையே ஜெபத்தில் சொல்லுங்கள்.